கட்டம் கட்டமாய் ஒரு பக்கம்

"காலையில எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத்தானே இருந்துச்சு? இப்ப எல்லாம் கேள்விக்குறியா நிக்குது!" என்றார் மேலாளர்.

விக்கிக்காரர் தலையைச் சொறிந்தார். பம்பு கம்பெனி ஊழியர்களுக்கென்று வைத்திருந்த விக்கி என்ற உள் இணையதளத்தில், எந்த இயந்திரம் மக்கர் செய்தால் எதைக் கழற்றுவது என்று சொல்லும் பக்கம் அது. அந்தப் பக்கத்தைச் சரிசெய்யத்தான் அவரை எடுத்திருந்தார்கள். சேர்ந்து ஒன்பது நாள். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வேலை.

"பழைய எழுத்துருவை யுனிகோடுக்கு மாத்துறேன் சார். அதுக்கு எழுதின ஸ்கிரிப்ட் புரோகிராம் கொஞ்சம் அடம் பிடிக்குது."

"பக்கம் படிக்கிற மாதிரி வரலைன்னா உங்களுக்கு இங்க என்ன வேலை? சாயங்காலம் அஞ்சு மணி. அவ்வளவுதான்."

விக்கிக்காரர் அவசரமாக விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றினார். எழுத்து பாதிக்குப் பாதி வந்தது, வரி போனது. நானூறு வரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வலப்பக்கமாக ஓடின. மெக்கானிக் பதறிக்கொண்டு வந்தார்.

"மூடியைக் கழட்டச் சொல்லுதா, மாட்டச் சொல்லுதா சார்? படிச்சுப் படிச்சுக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!"

"இருங்க, வரியை உடைச்சுத் தர்றேன்."

உடைத்தார். வரிக்கு ஓர் எழுத்தாக நின்றது. அதற்குள் மெக்கானிக் பிரிண்ட் கொடுத்துத் தொலைத்திருந்தார். பிரிண்டர் நூற்று எண்பது தாளைத் துப்பிவிட்டுப் படுத்துவிட்டது.

மனைவி போன் செய்தாள். "இந்த வேலையாவது நிலைக்குமாங்க?"

"அதெல்லாம் நிலைக்கும். நீ வையி." சொல்லிவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

நாலரை மணிக்குத்தான் தப்பு அகப்பட்டது. ஒருமுறை மாற்றி முடித்த எழுத்தையே பழசு என்று நினைத்து ஸ்கிரிப்ட் மறுபடியும் மறுபடியும் மாற்றிக்கொண்டிருந்தது. போதாததற்கு, வரி முடியும் இடத்தையெல்லாம் விழுங்கியும் வைத்திருந்தது. இரண்டே திருத்தம். பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மேலாளர் கடைசி வரி வரைக்கும் படித்தார். "அட, பிரமாதம்! இனிமே யார் வேணும்னாலும் படிச்சுக்கலாம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு குலுக்கலை நிறுத்தி யோசித்தார்.

"அப்ப இனிமே உங்களுக்கு இங்க என்ன வேலை?"

வீட்டுக்குப் போய் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் விக்கிக்காரர் வாசலுக்கு வந்தார். காவலாளி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மொத்தப் பக்கத்தையுமா சரி பண்ணிட்டீங்க?"

"ஆமாங்க."

"அடப் பாவமே! உங்களுக்கு முன்னாடி பதினோரு வருஷம் இருந்தவரு, தினம் காலையில ஒரு வரியைச் சரி பண்ணுவாரு சார். சாயங்காலம் கெளம்பும்போது அதை அவரே கெடுத்துட்டுப் போவாரு."