மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை

"மாப்பிள்ளை, நான் இங்க இருக்கறதுல உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லையே? இல்ல, கிளம்பவா?" என்று மாமியார் கேட்டபோது, மாப்பிள்ளை அப்போதுதான் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்தார்.

அது கரைகிற வரை பேசக் கூடாது, விழுங்கவும் கூடாது. எந்தக் கேள்விக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் பொதுவாக ஆட்டி வைத்தார். மாமியார் போய்ப் பெட்டியை எடுத்தார். மனைவிதான் ஓடிப்போய்த் தடுத்து நிறுத்தினாள்.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவர் மாப்பிள்ளை. முதுகில் அடிபட்டபோது பிடித்த வலி மாத்திரை, வலி போன பிறகும் அவரை விடவில்லை. அதிலிருந்து மீளத்தான் இந்த நாக்கடி மாத்திரை வைத்தியம். மனைவிக்குத் தெரியும். தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதால் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்து தங்கியிருந்த மாமியாருக்குத் தெரியாது. தெரிந்தால் மகளைக் கையோடு கூட்டிப் போய்விடுவார்.

"இதுக்கே குடிக்கிற சிரப்பும் இருக்கு, அதுவும் நல்ல மருந்துதான். ஆனா அளவு மீறினா மூச்சே நின்னுடலாம், இதயத்தையும் பாத்துக்கணும். அதான் தினம் இங்க வந்து நர்ஸ் முன்னாடி குடிக்கச் சொல்றோம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மாத்திரை மூச்சை ஒரு எல்லைக்கு மேல அமுக்காது. குடி, தூக்க மாத்திரையோட சேராம இருந்தா ரெண்டுல இதுதான் பாதுகாப்பு."

மாமியாரிடமிருந்து எது பாதுகாப்பு என்று அவரும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை.

மறுநாள் மாத்திரையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். கதவு தட்டப்பட்டது.

"மாப்பிள்ளை, வயிறு சரியில்லையா?"

மாத்திரை இன்னும் கரையவில்லை.

"ஐயையோ, மயக்கம் போட்டுட்டாரு போல! பக்கத்து வீட்டுத் தம்பி, கடப்பாரை எடுத்துட்டு வாப்பா!"

புதுத் தாழ்ப்பாள் மாட்டிய பிறகு மனைவி ஒரு வழி சொன்னாள். "தொண்டைக்கு ஓய்வு குடுக்கறீங்கன்னு சொல்லிடறேன்."

சொன்னாள். பேச முடியாத ஒருவர் கிடைத்ததும் மாமியார் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். சம்பந்தி வீட்டார் செய்த குறைகளை, அதாவது மாப்பிள்ளையின் வீட்டார் செய்ததை, கல்யாணத்திலிருந்து வரிசையாகச் சொன்னார்.

இந்த மனத்தாங்கலைச் சரிக்கட்ட வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. மழையானாலும் விடாமல் மாமியார் காலையில் வாக்கிங் போவார். அந்த ஒழுங்கைப் பார்த்து மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

"அத்தை, இனிமே நானும் உங்ககூட வாக்கிங் வர்றேன்."

"எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்கு வீண் சிரமம்?"

"சிரமமே இல்ல."

மாமியார் சந்து சந்தாகத் திரும்பினார். இவரும் திரும்பினார். கடைசியில் கால் வலி என்று மாமியார் வீட்டுக்கே திரும்பிவிட்டார். அன்று முழுக்க அவருக்குக் கொட்டாவி, வியர்வை, மூக்கொழுகல்.

"வெயில் ஒத்துக்கல" என்று சொல்லிப் போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

அடுத்த நாள், சீக்கிரம் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு ஓடினார் மாப்பிள்ளை.

"சிரப்புக்கே மாத்திக் குடுங்க சிஸ்டர். குடிச்சமா, வாயத் துடைச்சமான்னு இருக்கும். வீட்டுல மாமியார் இருக்காங்க, வாய மூடிக்கிட்டு உக்கார முடியல."

நர்ஸ் பெருமூச்சு விட்டார். மூலை பெஞ்சில் யாரோ ஒரு அம்மா, கூரைக்குக் கீழேயே குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் நீங்க! அதோ அந்த அம்மா, சிரப்பு வேணாம், மாத்திரைக்கு மாத்துங்கன்னு வந்ததுலேருந்து அழறாங்க. வாக்கிங்னு சொல்லிட்டு இங்க வரலாம்னா, மருமகன் கூடவே வந்துடறாராம்."