மச்சான் விற்ற ஜீப்பின் பல் கணக்கு

கவரைப்பேட்டை,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய மைத்துனர் அன்புராஜ் அவர்களுக்கு, அரசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஜோதிலட்சுமியும் நலம். கடம்பத்தூரில் நீங்கள் எல்லோரும் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இரண்டு வருடமாக இல்லை. கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆகவேண்டும், கேட்கிறேன்.

உங்கள் மகள் சுமலதா குழந்தையின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. உறையில் உங்கள் தங்கை பெயர் மட்டும் இருந்தது. "இன்னா சார், உங்க பேரைக் காணோம்?" என்று தபால்காரரே கேட்டுவிட்டார். எழுத மறந்திருப்பார்கள் என்றேன். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்களிடம் வாங்கிய பழைய ஜீப் ஐம்பதைத் தாண்டினால் அலறுகிறது, நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோகூட என்னை முந்திப் போகிறது என்ற ஆத்திரத்தில், நம் சொந்தத்துக் கல்யாணப் பந்தியில் நூறு பேர் முன்னால், "இன்ஜினை முழுசா தேச்சிட்டு ஓட்டை வண்டியை என் தலையில கட்டிட்டாரு" என்று சொன்னவன் நான். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனீர்கள். அன்றிலிருந்து உங்கள் தங்கை பிறந்த ஊருக்குப் போகவில்லை. போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை.

பத்திரிகையைப் பார்த்த வேகத்தில் ஜீப்பைத் தலைமுழுகிவிட முடிவு செய்து மெக்கானிக் ராபினைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜின் கல்லு மாதிரி கீது சார். பின்னாடி அச்சுல கியர்ல எத்தினி பல்லு போட்டுக்கிறாங்கன்னு பாருங்க. சக்கரம் ஒரு சுத்து சுத்துனா, இன்ஜின்லேர்ந்து பின்னாடி வர்ற ஷாஃப்ட் எத்தினி சுத்து வருதுன்னு எண்ணுங்க, நான் சாயங்காலம் வரேன்" என்று சொல்லிப் போனார். எண்ணிக்கை குறைவாக இருந்தால் வேகமாக ஓடும் வண்டி, அதிகமாக இருந்தால் பாரம் இழுக்கும் வண்டியாம். முப்பது வருடம் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தரம் பார்த்தவனுக்கு எண்ணத் தெரியாதா? ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு கிழித்து, நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். உங்கள் தங்கை சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஷாஃப்ட் மூன்று சுற்றுகூட வரவில்லை. மறுபடி எண்ணினேன், அதே கணக்குத்தான். அப்படியானால் இது காற்றாய்ப் பறக்கவேண்டிய வண்டி, பறக்காததற்கு இன்ஜின்தான் காரணம் என்று, மன்னிக்கவேண்டும், அடியில் படுத்தபடியே உங்களை இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

சாயங்காலம் ராபின் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு சக்கரம் தரையில கீதே சார்! அது சுத்தாம நிக்குது, அப்போ தூக்குன சக்கரத்த அதுக்கும் சேத்து ரெண்டு சுத்து சுத்தணும். பாதிதான் எண்ணிக்கிறீங்க." திரும்பச் சுற்றினோம். ஐந்தேகாலுக்கும் மேலே வந்தது. அச்சின் மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணினார். பெரிய பல்சக்கரத்தில் நாற்பத்துமூன்று, சின்னதில் எட்டு. "இது மூட்டை இழுக்கற கியரு. வித்தவரு சொல்லலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை சொன்னாள்: "அண்ணன் சொல்லிச்சே. களத்துமேட்டுல நிக்க வெச்சி, 'மாப்ள, இது நெல்லு இழுக்கறதுக்குன்னு கியர் மாத்துன வண்டி, ஓடாது, இழுக்கும்'னு சொல்லிச்சி. நீங்க கம்பெனிக் கதைய சொல்லிக்கினு இருந்தீங்க."

"இதை ஏண்டி இத்தனை நாளா சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்லுவேன்?"

மச்சான், கையில் கிரீஸோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாதி எண்ணிவிட்டு முழுக்கத் தெரிந்தவன்போலப் பேசுவது எனக்கு வண்டியோடு மட்டும் உள்ள பழக்கம் இல்லை என்று தோன்றியது. கம்பெனியில் என் கீழே வேலை செய்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உங்கள் முகமும், மூடின இலையும்.

பழைய சாமான் கடையில் நாலேகால் சுற்று கியர் ஒன்று கிடைத்து, ராபின் நேற்று மாட்டிவிட்டார். இப்போது அலறல் இல்லை, வண்டி பட்டுப்போல் ஓடுகிறது. கியர் மாறியதில் மீட்டர் மட்டும் பொய் சொல்கிறது, ஐம்பது என்று காட்டும்போது உண்மையில் அறுபதைத் தாண்டிவிடுகிறதாம். நான் நிதானமாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பறக்கிறேன். காதுகுத்தன்று, வெள்ளிக்கிழமை காலை ஆறுக்குக் கிளம்பி எட்டுக்குள் வந்து நிற்போம். அதே நூறு பேர் முன்னால் உங்கள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பேன். உறையில் பெயர் இல்லாதவன் வரலாமா என்று கேட்டால் திரும்பிவிடுகிறேன், தங்கையை மட்டும் உள்ளே விடுங்கள்.

குழந்தை நோய்நொடியில்லாமல் வளரட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
அரசப்பன்

பி.கு.: புதன்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்று உங்கள் தங்கை ஜீப்பில் சீர் ஏற்றிப் பார்த்தாள். நாலு மூட்டை அரிசி, பித்தளை அண்டா, தொட்டில், கிரைண்டர், சுமலதாவுக்கு இரண்டு வருடமாகக் கொடுக்காத தீபாவளி, பொங்கல் வரிசை எல்லாம். நான் ஓட்டிப் பார்த்தபோது வண்டி ரயில்வே மேம்பாலத்தின் பாதியில் நின்று, கிளட்ச் புகைந்து, பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து தள்ளினார். உங்கள் பழைய கியரையே திரும்ப மாட்டியாகிவிட்டது. இப்போது அலறுகிறது, ஆனால் ஏறுகிறது. எட்டு மணிக்கு வருவதற்கு வழியில்லை, அதனால் வியாழக்கிழமையே கிளம்பிவிடுகிறோம். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நாங்களே வந்து நின்றாலும் நிற்போம். மேலே கியரைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மன்னிப்பை மட்டும் அடிக்கவேண்டாம்.