கலியமூர்த்தி ஆகாய விமானத்துக்கு எண்ணெய் மாற்றிய பெரும்போர்

வாழ்க கலியமூர்த்தி! கடலூர்ப் பழைய பட்டணத்துப் பேருந்துக் கொட்டகையின் காவலனே, டீசல் மணக்கும் திண்தோளனே, மல்லாந்து படுத்தபடியே உலகை வென்ற மாவீரனே, வண்டி என்ன சத்தம் போட்டாலும் "கியர் பாக்ஸ்" என்று தீர்ப்புரைத்து, கோளாறு வேறெங்கோ இருந்தாலும் கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டே தீரும் கொள்கைக் குன்றே, வாழ்க! எந்திரங்களின் இருண்ட வயிற்றில் குடிகொண்டு, உரசுவனவற்றை உறவாக்கி, கொதிப்பனவற்றைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தெய்வமே! நீ எழுந்தருளிய நாளில் நடந்த இப்போரை, முன்னது முன்னாகவும் பின்னது பின்னாகவும், வரிசை பிசகாமல் சொல்லி முடிக்க அருள்வாயாக.

நிற்க. போர் மூண்ட காரணம் வருமாறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு மாசித் திங்களில் காடாம்புலியூர் முந்திரித் தோப்புகளின்மேல் பூச்சிப் பெரும்படை ஒன்று பாய்ந்தது. பூவை உறிஞ்சி, துளிரைக் கருக்கி, வரவிருந்த கொட்டைகளை எல்லாம் வராமலே வீழ்த்திய அப்படையைத் தரையில் நின்று வெல்ல முடியாதெனக் கண்ட சிதம்பரத்து நெல் ஆலைக்காரர் சிற்றம்பலம், தோப்புகளில் பாதிக்கும் பெருமையில் முழுமைக்கும் உரியவர், வானிலிருந்து மருந்து தெளிக்கும் ஒற்றையாள் விமானம் ஒன்றைப் பம்பாயில் வாங்கிவந்து, கடலூருக்குத் தெற்கே உவர்பூத்த பொட்டல் ஒன்றில் இறக்கினார். மூக்கில் சந்தனமும் குங்குமமும் துலங்க, சக்கரங்களின்கீழ் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடக்க, பூசைக்கு வந்த மாப்பிள்ளைபோல் விழித்துக்கொண்டு நின்றது அம்மஞ்சள் பறவை.

அதன் எஞ்சின் புத்தம் புதியது. புது எஞ்சின் சில மணி நேரம் பறந்தபின் அதன் முதல் எண்ணெயை வடித்துவிட்டு வேறெண்ணெய் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு சென்னையிலிருந்து எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதுவரை அது பறக்கலாகாது. இது வானத்தின் சட்டம். வடிப்பதற்கு ஆள் யார் என்ற கேள்வி எழுந்தபோது, முன்பொருமுறை தம் ஆலை லாரியை மூன்று கிராமத்து ஜனங்கள் தள்ளாமலேயே கிளப்பிக் காட்டிய கலியமூர்த்தியைச் சிற்றம்பலம் நினைந்தார்; அழைத்தார்; பொட்டலின் நடுவில் குடைக்கீழ் நின்று முழங்கினார்:

"எஞ்சினியரு நாளைக்கி மத்தியானம் வராரு. பாத்துட்டுப் பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டாருன்னா, அன்னையிலேர்ந்து நீதான்டா என் ஏரோப்ளேனுக்கு மெக்கானிக்கு. போடலன்னு வச்சிக்க, பட்டணத்துலேர்ந்து ஆளு கொண்டாந்துடுவேன். அப்பறம் என்னைய வந்து கேக்காத."

ஆகா, அந்தச் சொல்! அது காதில் விழுந்த கணத்திலேயே கலியமூர்த்தியின் கால்கள் தரையை விட்டு அரை அடி எழும்பின. பேருந்தின் அடியில் படுத்தவன் பேரண்டத்தின் அடியில் நிற்கப் போகிறான்! அன்று மாலைக்குள் மஞ்சக்குப்பம் முழுவதும் சேதி பரவியது; பரப்பியவனும் அவனே. மனைவி ராசம்மாள் மட்டும் குழம்பைக் கிண்டியபடி, "மொதல்ல அந்தாளு கையெழுத்துப் போடட்டும், அப்பறம் பறக்கலாம். இப்ப எறங்கி வந்து சோத்தத் தின்னு" என்றாள். மாவீரர்களின் இல்லங்களில் வழக்கமாகக் கிடைக்கும் வாழ்த்து இதுதான்.

எஞ்சினியர் தபாலாபீஸ் டெலிபோனில் செய்முறையைச் சொல்லியிருந்தார்: எஞ்சினைச் சூடாக்கு, அடைப்பானைக் கழற்றி எண்ணெயை வடி, உள்ளே இருக்கும் கம்பிச் சல்லடையை எடுத்துச் சுத்தம் செய், புது எண்ணெய் ஊற்று, அடைப்பானை மூடி, அது அதிர்ந்து கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டு. அவ்வளவே. வேறு ஒன்றையும் அவர் சொல்லவில்லை. படித்தவர்கள், தமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணி விடுவதும், படியாதவர்கள், சொல்லாததைக் கேட்டால் மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வதும், இரண்டும் சேர்ந்தே இந்நாட்டின் எந்திரங்களை ஓட்டி வருகின்றன.

போர் நாள் விடிந்தது. பொட்டலைச் சுற்றிச் சேனை திரண்டது. தேவனாம்பட்டினத்திலிருந்து ராசம்மாளின் தம்பி சின்னதம்பி, வலையைக் கூட உதறாமல், கையில் ஒரு தகர டின்னோடு வந்து நின்றான். பொட்டலை ஒட்டிய குடிசைக்காரி தில்லையம்மாள் ஒரு குண்டானை இடுப்பில் ஏந்தி வந்தாள். சாலையில் போன பாரவண்டிக்காரன் ஒருவன் மாட்டை அவிழ்க்காமலே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கையில் ஒரு மூங்கில் குழாயோடு வந்தான். ஏன் இந்தப் பாத்திரங்கள் என்று வெளியூரார் வியக்கலாம். வண்டியிலிருந்து வடிக்கும் கரியெண்ணெயை மண்ணில் ஊற்றுவது கடலூர்க் கொட்டகைகளில் மகாபாவம். படகின் அடிக்கு அது மருந்து; வாசக்காலில் ஏறும் கரையானுக்கு நஞ்சு; மாட்டுவண்டி அச்சுக்கு அமுதம். முதலில் பாத்திரம் நீட்டியவனுக்கு முதல் பங்கு. இது கொட்டகையின் வழக்கம். இதைக் கலியமூர்த்தி ஒருநாளும் மீறியதில்லை.

எஞ்சின் உறுமிச் சூடேறி ஓய்ந்தது. மாவீரன் களம் புகுந்தான். விமானத்தின் வயிற்றுக்கீழ் அவன் புகுந்த காட்சி, குகைக்குள் சிங்கம் புகுவதை ஒத்திருந்தது என்று சொல்லலாம். ஆனால் சிங்கத்தின் கைலி ஆணியில் மாட்டிக் கிழிவதில்லை. அடைப்பானைப் பிணித்த பழைய கம்பியை நறுக்கினான். ஸ்பானரைக் கோத்தான். திருகினான். அது அசையவில்லை. பல்லைக் கடித்தான், பரம்பரையை அழைத்தான், அடைப்பானின் தாய்வழி உறவினரை எல்லாம் பெயர் சொல்லி விசாரித்தான். மலைபோல் நின்றது அது. இரு காலையும் சக்கரத்தில் உதைத்து, உடலை வில்லாய் வளைத்து, ஈரேழு உலகமும் கேட்க ஒரு முக்கல் முக்கியபோது ஸ்பானர் நழுவி, விரல் முட்டியின் தோலை விமானத்துக்கே காணிக்கையாக்கியது.

"என்னா மாமா, ஏரோப்ளேனு ஒன்னய அடிக்குதா, நீ அத அடிக்கிறியா?" என்றான் சின்னதம்பி, கீழே குனிந்து.

"பொத்துடா. இது பஸ்சு இல்ல."

"அது தெரியிது. பஸ்சா இருந்தா இந்நேரம் கியர் பாக்ஸக் கழட்டியிருப்ப."

இந்த ஏளனம் வீரனின் குருதியில் வெடிமருந்தாய் விழுந்தது. மீண்டும் திருகினான், அடைப்பான் தோற்றது, தோற்ற கணமே பழிவாங்கியது. கொதித்த கருந்தேனாய்ப் பீறிட்ட எண்ணெய், அவன் விரலில் தொடங்கி, மணிக்கட்டில் இறங்கி, முழங்கையைக் கடந்து, அக்குளில் புகுந்து, அங்கிருந்து இன்னும் உள்நாட்டுப் பகுதிகளுக்குப் படையெடுத்தது. ஆனாலும் அவன் கை பின்வாங்கவில்லை. எண்ணெய் பீப்பாயில் சரசரவென்று இறங்கிற்று. இறங்கிய சூட்டோடு, ஆறுவதற்கும் பொறுக்காத சேனை பாத்திரங்களை நீட்டிற்று. வென்ற மன்னன் கொள்ளைப் பொருளை வீரர்க்குப் பகிர்வதுபோல், கலியமூர்த்தி ஒருவருக்கும் மனக்குறை வராமல் கடைசிச் சொட்டு வரை வழங்கினான். "எனக்கு ஜாஸ்தி ஊத்து, என் வூட்டு வாசக்காலு ரெண்டு" என்ற தில்லையம்மாளுக்கு ஒரு கரண்டி கூடவும் கிடைத்தது.

அதன்பின் சல்லடை. அந்த விரற்கடைக் கம்பி வலையை அவன் மண்ணெண்ணெயில் முக்கினான், ஊறவைத்தான், தேய்த்தான், ஊதினான், ராசம்மாளின் பழஞ்சேலைத் துண்டால் துடைத்தான், வெயிலில் காட்டினான். கண்ணிகள் வழியே வங்கக் கடலே தெரியும்வரை ஓயவில்லை. கழுவிய மண்ணெண்ணெயைத் தூரப் போய் மணலில் கொட்டிவிட்டு வந்தான். புது எண்ணெய் ஊற்றினான். அடைப்பானை இறுக்கி, கம்பியை முறுக்கிப் பின்னியபோது அது மணப்பெண்ணின் சடைபோல் அமைந்தது. உள்ளபடியே சொன்னால், வேலையில் ஒரு குறையும் இல்லை.

மத்தியானம் எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். கண்ணாடி போட்டவர், வெற்றிலை போடாதவர், காரணமின்றிச் சிரிக்காதவர். சடைப்பின்னலைப் பார்த்துத் தலையசைத்தார். சிற்றம்பலம் மீசையைத் தடவினார். கலியமூர்த்தி மார்பை விரித்தான். பேனா பையிலிருந்து வெளிவந்தது, மூடி கழன்றது, காற்றில் ஒரு கணம் நின்றது.

"சரி, வடிச்ச எண்ணெய் எங்கே? சல்லடையிலே என்ன கிடைச்சுது?"

"சல்லடையில ஒண்ணுமே இல்ல சார். அழுக்கு இருந்துச்சி. சுத்தமாக் கழுவிட்டேன்."

"கழுவிட்டியா? அந்த அழுக்கைப் பார்க்கத்தான்யா நான் மெட்ராஸ்லேர்ந்து வரேன்! புது எஞ்சின் உள்ளே தேய்ஞ்சுதா இல்லையான்னு அதிலே வர்ற உலோகத் தூளைப் பார்த்துத்தான் சொல்லணும். எண்ணெயாவது இருக்கா?"

பேனா மூடிக்கொண்டது. அந்தச் சின்னஞ்சிறு 'டிக்' ஒலியில் ஆயிரம் கோட்டைக் கதவுகள் அடைபட்டன.

அங்கு தொடங்கிற்று இரண்டாம் போர். ஒரு கையளவு எண்ணெயை மீட்டு வந்தால் பார்க்கிறேன் என்று எஞ்சினியர் இரங்கினார். அடுத்த கணம் கலியமூர்த்தி சைக்கிளேறினான். முதலில் தில்லையம்மாளின் குடிசை. இரு வாசக்காலும் அடிமுதல் நுனிவரை கருத்து மினுங்கின. குண்டான் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. "குடுத்தத திருப்பிக் கேக்குற ஆம்பளைய இன்னைக்கித்தான் பாக்குறேன்! வேணும்னா கதவோட பேத்து எடுத்துக்கிட்டுப் போய் ஒன் எஞ்சினியருகிட்ட காட்டு" என்றாள் அவள். பாரவண்டிக்காரன் பங்கோ, அச்சில் ஏறி, அச்சு வண்டியில் ஏறி, வண்டி கம்மாபுரம் சாலையில் ஏறி மறைந்துவிட்டது. எஞ்சியது சின்னதம்பியின் பங்கு. எதிர்க்காற்றில் மிதித்து, மணலில் சைக்கிளைத் தோளில் சுமந்து, தேவனாம்பட்டினக் கரையில் கலியமூர்த்தி போய் விழுந்தபோது, படகு கவிழ்த்துப் போடப்பட்டு அடி முழுவதும் பளபளத்துக்கொண்டிருந்தது. டின்னின் அடியில் இன்னும் கொஞ்சம்! அந்த டின்னை அவன் மார்போடு அணைத்து, சின்னதம்பியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பிய வேகத்தில், சைக்கிள் மணி தானாகவே அடித்தது.

எஞ்சினியர் அவ்வெண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தார். சிற்றம்பலம் குடையைத் தாழ்த்தினார். துணியின்மேல், அந்தோ, வெள்ளி வெள்ளியாய் மின்னின துணுக்குகள்! ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. எஞ்சினியர் காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. அவர் முகம் கறுத்தது.

"இரும்பு இல்லே. அலுமினியம். பிஸ்டன் செதில் செதிலா உதிருது. இந்த எஞ்சினோட பறந்திருந்தா பைலட் முந்திரித் தோப்பிலேயே இறங்கியிருப்பான்."

சிற்றம்பலத்தின் குடை கீழே விழுந்தது. கலியமூர்த்தி துணியின்மேல் குனிந்தான். பஸ் ஷெட்டுக்கு வருமுன் பதினாறு தலைமுறையாய்க் கடலைத் துழாவிய குலத்தின் மூக்கு அது. ஒரே மூச்சு இழுத்தது.

"சார்! பிஸ்டனு இல்ல சார்! மீன் செதிலு! இவன், என் மச்சான், காலையில கவல மீனு வாரிப் போட்ட டின்னு சார் இது! நல்லா மோந்து பாருங்க!"

எஞ்சினியர் மோந்தார். மூன்றடி பின்வாங்கினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து, மடித்து, பையில் வைத்தார். பிறகு, காலனும் கேட்டு அஞ்சத்தக்க அமைதியோடு கேட்டார்:

"சரிப்பா. அப்போ இது மீன். இதிலே விமானம் எங்கே?"

சின்னதம்பி கூட இதற்குச் சிரிக்கவில்லை. துணியில் கிடப்பவற்றில் எது கடலில் பிறந்தது, எது எஞ்சினில் பிறந்தது என்று பிரிக்க மூவுலகிலும் ஒருவரில்லை. எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், பிரிக்கச் சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் சென்னை ஆள்தான் மாட்டவும் வேண்டும். எஞ்சினியர் இதைச் சொல்ல, சிற்றம்பலம் கலியமூர்த்தியை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு, விழுந்த குடையைத் தாமே எடுத்துக்கொண்டு காரேறினார். பூச்சிப்படை காடாம்புலியூரில் தடையின்றி முன்னேறிற்று. மஞ்சள் பறவையின் முன்பக்கம் வெறும் ஓட்டையானது. எஞ்சின் வைக்கோல் பரப்பிய லாரியில் படுத்து வடக்கே போயிற்று. மாலைக் கதிரவன் உவர்மண்ணின்மேல் குருதி சொரிய, வெற்றியின் வாயிலில் வீழ்ந்த அவ்வீரவேள், எண்ணெயும் செதிலும் ஒட்டிய மேனியனாய், உலகம் பார்க்கப் பொட்டலின் நடுவில் தனித்து நின்றான்.

மறுநாள் காலை கலியமூர்த்தி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஷெட்டுக்கு வேலைக்குப் போனான்.