நெரளு டாக்டர் கூட்டிப்போன நடை

மைசூரில் இடுப்புவலி, முழங்கால்வலி, குதிகால்வலி என்று எத்தனை பேர் அவதிப்படுகிறார்களோ, அத்தனை பேராகவும் வாழ்ந்து பார்த்த ஒரே மனிதர் நெரளு டாக்டர்தான். கன்னடத்தில் நெரளு என்றால் நிழல். தொழில் பிசியோதெரபி. சொந்தப் பெயர் வாசல் போர்டில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. மாடிப்படியில் பாதி ஏறும்போதே மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்துவிடும்.

"வலது முட்டிங்களா? கைப்பிடியப் புடிச்சுட்டு மெதுவா வாங்க."

காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்வார். முதல்முறை வருகிறவர்களில் சிலர் அப்படியே திரும்பி இறங்கிவிடுவதும் உண்டு.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு வெற்றிலைக் கடைக்கு மேலே கிளினிக். மனிதர் கொள்ளேகாலத்துப் பக்கம். கரண்ட் வைக்கிற மெஷின் மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். கேட்டால், "அது நல்லா வேலை செய்யுமுங்க. ஆனா கேள்வி கேக்காதுங்களே" என்பார். அவர் கேட்பார். எந்தப் பக்கம் படுப்பீர்கள், வீட்டில் எந்த நாற்காலி உங்களுடையது, யார் குரல் கேட்டால் தோள் ஏறுகிறது என்று, வம்பு பேசுகிறவர்கள்கூடக் கேட்கக் கூசுவதையெல்லாம் கேட்பார்.

பிறகு நம்மை மார்க்கெட்டுக்குள் நடக்கவிட்டு, பத்தடி பின்னால் நம்மைப் போலவே நடந்து வருவார். நம் வலி அவருக்கு வரும்வரை நடப்பார். ஒரு கணக்கு வாத்தியாரின் பின்னால் அப்படியே வீடு வரைக்கும் போய்விட்டாராம். வாத்தியார் வளர்த்த நாய் டாக்டரைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு வாத்தியாரைப் பார்த்துக் குரைத்ததாம். சொன்னவர் வெற்றிலைக் கடைக்காரர். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். என் விஷயத்தில் தள்ள எதுவும் இல்லை.

எனக்கு ஒரு வருடமாக இடது இடுப்பில் வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "வயசாகுதில்ல மேடம்" என்றார் பெரிய டாக்டர் ஒருவர். நாற்பத்தேழு வயதுக்காரியிடம் சொல்கிற பேச்சா அது? கோபத்தில்தான் நெரளு டாக்டரிடம் போனேன்.

நடக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய விதி. பூக்கடை வரிசை முடியும் இடத்தில் நான் பார்த்துவிட்டேன். இடது காலை லேசாக இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். அதாவது, நான் வந்துகொண்டிருந்தேன். இடது கை மட்டும் மடங்கி, உடம்பிலிருந்து ஒரு சாண் விலகி, காற்றில் எதையோ அணைத்திருந்தது. என் கையைக் குனிந்து பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. பட்டப்பகலில், செவ்வந்திக் கூடைகளுக்கு நடுவில், முதுகு சில்லிட்டது.

அவர் பக்கத்தில் வந்து, எனக்கு இடதுபுறம் இருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

"அம்மிணி, இங்க யாருங்க இருக்காங்க?"

"யாருமில்லையே."

"உங்க இடுப்புல ஒரு கோளாறும் இல்லீங்க. இழுக்கிறது உங்க காலே இல்ல. கூட வர்றவரோடது."

அங்கேயே நின்று அழுதேன். பூக்காரம்மா உட்கார ஸ்டூல் கொடுத்தார்.

கூட வந்தவர் என் அப்பா. ரயில்வேயில் இருந்தவர். பக்கவாதம் வந்தபின் எட்டு மாதம் தினமும் காலையில் அவரை இடுப்போடு அணைத்து, அறையிலிருந்து வராந்தாவுக்கு நடத்திப்போனேன். அவர் கால் இழுக்கும்போது நானும் இழுத்தால்தான் விழாமல் போகலாம். அவர் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. என் உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"எங்க பழகுச்சோ அங்கதான் அதை விடோணும்" என்று எங்கள் விஜயநகர் வீட்டுக்கே வந்தார் டாக்டர். வாசலில் ஆட்டோவைக் காக்க வைத்துவிட்டு, அப்பாவின் அறையிலிருந்து ஹாலைக் கடந்து நடந்து பார்த்தார். டக், சர்ர். டக், சர்ர்.

ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போயிருந்தது. தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "காப்பி ஆறிடும். சீக்கிரம் வாங்க."

டாக்டர் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார்.

"பயப்படாதடி, எனக்குப் புத்தி கெட்டுப்போகலை" என்றாள் அம்மா. "தினமும் காலைல நீ இப்படித்தான் நடக்கற. சொன்னா நிறுத்திடுவியோன்னு சொல்லலை. கேட்டுட்டு இருக்க நல்லா இருந்துச்சு."

"டாக்டர், எனக்கு வைத்தியம் வேண்டாம்" என்றேன். "வலி இருந்துட்டுப் போகட்டும்."

அவர் அம்மாவுக்கும் கேட்கும்படிதான் பதில் சொன்னார். "இப்படியே போனா, நாளைக்கு அம்மாவப் புடிச்சு நடக்க உங்களால முடியாதுங்க."

அம்மா அறைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "அப்பாவை அனுப்பிடும்மா" என்றாள்.

டாக்டர் மறுபடி அறைக்குள் போய், அங்கிருந்து புறப்பட்டார். டக், சர்ர். ஹால், வராந்தா, இரண்டு படி, கேட். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் அம்மா சொன்னாள்: "பாத்து மெதுவாப் போங்க."

"சார், ஆட்டோ இல்லி இதே" என்று, வண்டி இங்கே நிற்பதைக் கன்னடத்தில் சொல்லி டிரைவர் கத்தினான். டாக்டர் திரும்பவில்லை. அம்மாவின் காதுக்கு எட்டாத தூரம் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெருமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டே போனார். ஆட்டோ கூடவே ஊர்ந்தது.

அதன்பின் எனக்கு ஆறு வாரம் பயிற்சி. தெரியாத வீட்டில் நடக்கிற மாதிரி என் வீட்டில் நடந்தேன். வலி போய்விட்டது. அம்மா இப்போது என் நடையைக் கேட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

கடைசி நாள் கிளினிக்கில், ஜன்னலைத் திறக்கப் போன டாக்டர் இடது காலை லேசாக இழுத்ததைப் பார்த்தேன்.

"இன்னும் போகலையா டாக்டர்?"

"போயிரும், போயிரும்" என்றார் கூச்சத்தோடு. "நல்ல மனுசர் நடைங்க. சட்டுனு எறக்கிவிட மனசு வரல."

இன்னும் அவர் இறக்கிவிடவில்லை. மாதம் ஒருமுறை கழுத்துவலி என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறேன். அவர் ஜன்னலைத் திறந்து சாத்துவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். பொய் என்று அவருக்கும் தெரியும். நான் போனால் அந்த ஜன்னலை இரண்டு தடவை திறக்கிறார்.