விண்கல்லுக்குப் பொன்னாடை

விண்வெளி ஆராய்ச்சியில் உலகம் மதுரைக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ராக்கெட் விட்டார்கள், நிலவில் மண் அள்ளினார்கள். முயன்றால் யாரும் செய்யக்கூடிய காரியங்கள். ஒரு விண்கல்லுக்கு மேடையில் பொன்னாடை போர்த்திய பெருமை பழங்காநத்தத்துக்கு மட்டுமே உரியது.

அந்தப் பெருமைக்குக் காரணமாக இருந்தும் அதை உணராத ஒரே ஜீவன் ஹம்சவேணி டீச்சர். செல்லூரில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஆறு மாதம் விடாமல் கடிதம் எழுதி, ஓர் இரும்பு விண்கல்லைப் பதினைந்து நாள் இரவலாக வாங்கியிருந்தார். கொய்யாக்காய் அளவுதான், தூக்கினால் எடைக்கல் மாதிரிக் கனக்கும். வகுப்பில் இருக்கும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அதை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதுதான் டீச்சரின் ஆசை.

வகுப்பிலேயே கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் அது வெறும் பாடமாகப் போயிருக்கும், ‘விழிப்புணர்வு’ ஆகாது. மேலும் அந்த ஆய்வுக்கூடம் பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் கல்லைத் தரும். எனவே கல் வந்தது ‘மாமதுரை விண்வெளி விழிப்புணர்வு மன்றம்’ பெயரில். பொறுப்புக் கையெழுத்து மட்டும் டீச்சருடையது. மன்றத் தலைவர் ராஜாராமன் பெட்டியை வாங்கித் தம் பீரோவில் வைத்துப் பூட்டி, விழாவுக்கு முன் யாரும் தொடுவது முறையல்ல என்று அறிவித்துவிட்டார். ஒழுங்கு தெரிந்த மனிதர்.

செவ்வாய்க்கிழமை முகூர்த்தம் கிடையாது என்பதால் பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. கொடுத்தவர் விருமாண்டி. மூன்று மண்டபங்களுக்கு அதிபர், ஆகவே விண்வெளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் பதினான்கு முகங்கள் சிரித்தன. இடம் போதாததால் விண்கல்லை மட்டும் அச்சகத்தின் செல்போன் எண்ணுக்குப் பக்கத்தில் ஒதுக்கியிருந்தார்கள்.

வியர்வை பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்து, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மிக்சர் பொட்டலம் வந்தது. மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒருத்திகூடப் பிரிக்கவில்லை.

விழா மணி இரண்டுக்குத் தொடங்கியது. முதலில் பேசியவர் நேரத்தின் அருமை கருதி இரண்டே நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்லி நாற்பது நிமிடம் பேசினார். அடுத்தவர், முன்னவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் தாம் சொல்ல ஒன்றுமில்லை என்பதை அரைமணி நேரம் விளக்கினார். எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. அப்போதுதான் ராஜாராமனுக்கு அந்த வரலாற்று யோசனை தோன்றியது.

“அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கு. எல்லாருக்கும் போத்திட்டு இதுக்கு மட்டும் போத்தாம விட்டா மரியாதையா இருக்காது” என்றார்.

வெல்வெட் பெட்டியோடு சேர்த்து விண்கல்லுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. கல் ஏற்புரை நிகழ்த்தவில்லை. அன்று மேடையில் அவ்வளவு அடக்கமாக இருந்தது அது ஒன்றுதான்.

மணி நாலேகால். நாலரைக்குப் பள்ளி வேன். டீச்சர் மண்டபத்தின் கடைசிக்கு ஓடிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். மேடையில் தொகுப்பாளர் கிரிதர், சிறப்பு விருந்தினருக்குரிய நினைவுக் கேடயத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கேடயம் ஏற்றிய ஆட்டோ இன்னும் வந்து சேரவில்லை. இருபது வருடம் மைக் பிடித்த அனுபவம் அவருக்கு. மேடையில் ஒரு வெல்வெட் பெட்டி இருந்து, அதன் மேல் பொன்னாடையும் இருந்தால் அது என்னவென்று அவருக்குத் தெரியாதா? எடுத்து விருமாண்டி கையில் கொடுத்தார். புகைப்படம் எடுத்தார்கள். அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதால் விருமாண்டி காரேறிப் போய்விட்டார்.

வரிசை மேடைக்கு வந்தபோது மேசையில் தண்ணீர் பாட்டில்தான் இருந்தது. விஷயம் புரிந்து டீச்சர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே வேன் ஹாரன் அடித்தது. வரிசையின் முன்னால் நின்ற மாதங்கி கேட்டாள்.

“மிஸ், அப்ப மிக்சரச் சாப்பிடலாமா?”

டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலை காளவாசலில் விருமாண்டியின் வீட்டுக்குப் போனார். கூடத்துக் கண்ணாடி அலமாரி நிறையக் கேடயங்களும், பித்தளை யானைகளும், ஓடாத கடிகாரங்களும் இருந்தன. நடுத்தட்டில் பொன்னாடை கலையாமல் பெட்டி. திறந்தே பார்த்திருக்கவில்லை. அது பரிசல்ல, இரவல் வாங்கிய விண்கல், பிள்ளைகள் பார்ப்பதற்காக வந்தது, போட்ட கையெழுத்து தன்னுடையது என்று டீச்சர் ஒன்று விடாமல் சொன்னார். விருமாண்டி நல்ல மனிதர், முழுதும் கேட்டார்.

“எடுத்துக்கங்க டீச்சர், எனக்கெதுக்குக் கல்லு. ஆனா மேடையில நாலு பேரு பாக்க வாங்குனத வீட்டுல வச்சுத் திருப்பிக் குடுத்தா, புடுங்கிட்டுப் போயிட்டாகன்னு ஊரு பேசாதா? மேடையிலேயே குடுத்துடுறேன்.”

“அண்ணே, ஒரு மணி நேரம் குடுங்க. பிள்ளைகளுக்குக் காட்டிட்டுத் திரும்ப இங்கயே கொண்டாந்து வச்சிர்றேன்.”

“அது முறையா இருக்காது டீச்சர்.”

ராஜாராமனிடம் முறையிட்டார். அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. ஒரே கல்லில் இரண்டாவது விழா எந்த மன்றத்துக்குக் கிடைக்கும்? அடுத்த செவ்வாய்க்கிழமையே ‘விண்கல் மீளளிப்புப் பெருவிழா’ என்று முடிவானது. இரவல் கெடுவும் அன்றோடு முடிகிறது; ஆறு மணி ரயிலில் கல் கிளம்பியாக வேண்டும். விழாவைப் பிள்ளைகளில் தொடங்குங்கள் என்று டீச்சர் கெஞ்சினார். நிகழ்ச்சி நிரலில் கட்டாயம் சேர்ப்பதாக ராஜாராமன் வாக்குக் கொடுத்தார்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். அழைப்பிதழ் நேற்று பள்ளிக்கு வந்தது. இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை பதினொரு பேர், கல் மீளளிப்பு, பொன்னாடை, ஏற்புரை, நன்றியுரை. அதற்கும் கீழே, பொடி எழுத்தில்: ‘மாணவியர் விண்கல்லைத் தொடுதல் (நேரம் இருப்பின்).’

டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டவில்லை. பிள்ளைகள் மறுபடியும் கை கழுவத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம்.

நம் ஊர் அறிவியல் தொண்டர்களின் திறமையை இனியும் யார் சந்தேகிக்க முடியும்? வானத்திலிருந்து விழுந்த பொருளைக்கூட, பிள்ளைகள் கையில் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள்.