பேனரில் பெரிய படம்

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு கூடைப்பந்து வரலாறு எழுதிப் பிழைக்கலாம் என்று நம்பிய ஒரே ஆள் நான்தான். ஊரே ஹாக்கி பேசும். பத்திரிகைக்காரர்கள் கிரிக்கெட் கேட்பார்கள். நானோ, ஆரம்பத்தில் மாட்டிய பழக்கூடைக்கு அடியில் ஓட்டையே கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறித்தான் பந்தை எடுத்தார்கள் என்று பால்காரரிடம் விளக்கிக்கொண்டிருப்பேன். (அவர் பாலை ஊற்றிவிட்டு ஓடிவிடுவார்.)

அதிலும் ராஜாமணி அண்ணாச்சி மேல் எனக்குத் தனிப் பித்து. ஆறேகால் அடி உயரம், பஜாரில் பெயிண்டுக் கடை. நாகலாபுரத்தில் ஆடிப் பழகியவர். கரிசல் தரையில் மழை பெய்தால் பந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. அதனால் அவரும் கூட்டாளிகளும் பந்தைத் தரையில் தட்டாமல், கைமாற்றிக் கைமாற்றியே கொண்டுபோய்க் கூடையில் போடுவார்களாம். அவரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம்தான்.

ஒருநாள் விளாத்திகுளம் பஸ்ஸில் ஜன்னலோரமாகப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு பேனர். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில், வெள்ளைச் சட்டையில், கைகூப்பியபடி ராஜாமணி அண்ணாச்சி. இருக்கையை விட்டு எழுந்தேவிட்டேன். பஸ் நிற்கவில்லை, நானும் இறங்கவில்லை.

ஆனாலும் வரலாற்றுக்காரன் ஒரே ஆதாரத்தை நம்பக் கூடாதல்லவா? பஜாரில் கடை வைத்திருக்கும் நண்பன் முருகேசனுக்குப் போன் போட்டு, அண்ணாச்சி விஷயம் உண்மையா என்று கேட்டேன்.

"ஆமாடே, அவிய வீட்டுல துட்டிதான். நேத்தே எடுத்தாச்சு. நீ இன்னும் போகலியா?" என்றான்.

துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. ஆக, ஆதாரம் இரண்டாகிவிட்டது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது?

அழுதுகொண்டே ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். என் கட்டுரைகளுக்கு ஒருநாளும் பதில் போடாத ஆசிரியர் உடனே கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளியிடுவதாகவும், நல்ல பேர் கிடைத்தால் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி வாராவாரம் தொடர் எழுதலாம் என்றும் சொன்னார். வருஷக்கணக்காக நான் ஏங்கிய தொடர் அது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது இதுதான் என்று மனைவியிடம் உருகினேன்.

ஞாயிறு காலை, கையில் ரோஜா மாலையும் கக்கத்தில் பத்திரிகையுமாகத் துக்கம் கேட்கப் போனேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்து நிமிர்ந்தால், வாசலில் அதே வெள்ளைச் சட்டை, அதே கைகூப்பல், அதே ஆறேகால் அடி.

"வாங்க தம்பி," என்றார் ராஜாமணி அண்ணாச்சி.

முதலில் அவர் கால் தரையில் படுகிறதா என்றுதான் பார்த்தேன். ஆவி பட்டப்பகலில் வருமா, வந்தாலும் பெயிண்டு வாடை அடிக்குமா என்றெல்லாம் புத்தி ஓடியது. அவர் பாட்டுக்கு என் கையிலிருந்த மாலையை வாங்கி, "மாமாவுக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே இருந்த ஒரு படத்துக்குப் போட்டார். படத்தில் ஒரு தொண்டு கிழவர். மகள் வீட்டோடு இருந்த அவருடைய மாமனார்.

பந்தலிலும் அதே பேனரைக் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். மேல் மூலையில், காசு அளவு வட்டத்துக்குள், அந்தக் கிழவர். எங்கள் ஊர்ப் பேனர்களில் அஞ்சலி செலுத்துகிறவர்தான் நடுவில் நிற்பார், செத்தவர் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த நடைமுறை வரலாற்றுக்காரனுக்கு உறைக்காமல் போய்விட்டது.

நைசாக நழுவப் பார்த்தேன். அதற்குள் அண்ணாச்சி என் கக்கத்திலிருந்து பத்திரிகையை உருவிவிட்டார். தன் படத்தைப் பார்த்துச் சிரித்தார். தலைப்பைப் படித்ததும் சிரிப்பு நின்றது. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. நான் செத்துட்டேனாம்லா."

பந்தலே எழுந்து வந்துவிட்டது. உறவுக்காரர் ஒருவர் கட்டுரையை உரக்கப் படித்தார். கரிசல் மண், கைமாற்றிய பந்து, கடைசி நிமிஷத்தில் போட்ட கூடை, எல்லாம் வந்தது. அவர் மனைவி புருஷனை உச்சி முதல் உள்ளங்கால் வரை புதுசாகப் பார்த்தார்.

"இவிய இம்புட்டுப் பெரிய ஆட்டக்காரரா? பெயிண்டு டப்பாவ மட்டும்தானே தூக்கிட்டு வாராவ?"

நான் காலில் விழுந்தேன். அண்ணாச்சி என்னைத் தூக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பத்திரிகையை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க ஆட்டத்த இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்ல தம்பி. செத்தாத்தான் எழுதுவீயளோ?"

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் போன். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. தொடர் கிடையாது, இனிமேல் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று கத்தினார். அண்ணாச்சி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ராஜாமணி பேசுதேன். செத்தவன். அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துட்டு, மிச்சத்த அடுத்த வாரம் திரும்பப் போடுங்க. அந்தத் தம்பியவும் எழுதவிடுங்க."

மறுமுனையில் டொக்கென்று போனைக் கீழே வைக்கிற சத்தம். (தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம்.) கடைசியில் தொடர் வந்தது, ஒரு நிபந்தனையோடு. நான் எழுதுகிற ஒவ்வொரு ஆட்டக்காரரும் அன்றைய நாளிதழைக் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாவம், எல்லோரும் கடத்தல்காரர்களிடம் சிக்கியவர்கள் மாதிரியே முழிக்கிறார்கள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது இறந்த செய்தியை நான் சொன்னால், என் மனைவி முதலில் கேட்பது, "படம் பெருசா, சின்னதா?" என்றுதான். போன மாதம் சுவருக்குப் பெயிண்டு வாங்கப் போனபோது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"மவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன் தம்பி. நான் போயிட்டா, பேனர்ல என் படத்தச் சின்னதா மூலையிலதான் போடணும்னு. பெருசா போட்டா நீங்க நம்பமாட்டீய."