கயிறு கட்டிய ஆட்டுக்கல்

அரிசிக்கு ரேஷன் வந்த வருஷம். நீரிழிவுக்கு மட்டும் ரேஷன் இல்லை. தின்றுவிட்டு உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தாராளமாய்க் கிடைத்தது. அதை விரட்டத் திண்டிவனம் ஏரிக்கரையில் ஒரு கயிற்றுச் சாமியார் வந்து இறங்கினார். விழுப்புரம், கண்டாச்சிபுரத்திலிருந்தெல்லாம் ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது.

இடுப்பில் மஞ்சள் கயிறு. தினம் விடியலில் ஏரியை ஒரு சுற்று. சோற்றை விட்டுக் கேப்பைக் கூழ். நாற்பத்தெட்டு நாளில் வியாதி ஓடிவிடுமாம். காணிக்கை, ஒரு மூட்டை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. நடந்தவர்கள் தேறினார்கள், தேறியதும் கயிற்றைக் கும்பிட்டார்கள்.

மண்டியில் சாக்கு தைக்கிற சணலை மஞ்சளில் முக்கினால் அந்தக் கயிறு. தினம் தைக்கிறவன், எனக்குத் தெரியாதா? மூட்டை தூக்குகிறவன் சொன்னால் யார் கேட்பது?

என் மண்டி முதலாளி சீனுவாசனுக்கு நீரிழிவில் கண் மங்கிக்கொண்டு வந்தது. "நடங்க, இல்லாட்டி கண்ணு போயிடும்" என்றார் டாக்டர்.

"நடக்கிறதுக்கா நான் முதலாளி ஆனேன்?" என்று இவர் சாமியாரிடம் போனார்.

"ஆள் வச்சும் சுத்தலாம். பலன் உனக்கே சேரும்," என்றார் சாமியார். அதற்கு இன்னொரு மூட்டை.

அந்த ஆள் நான். வியாதி அவருக்கு, நடை எனக்கு.

முதலாளியம்மா விசாலாட்சிக்கும் அதே வியாதி. அவங்களுக்கும் ஒரு கயிறு வந்தது. ஆனால் அவங்களே நடந்தாங்க. "இன்னா மாசிலாமணி, உன் முதலாளி வியாதி உன் காலுக்கு எறங்கிடுச்சா?" என்று வழியெல்லாம் அம்மா என்னைக் கிண்டல் பண்ணிக்கினே வந்தாங்க.

நாற்பத்தெட்டாம் நாள், கூட்டத்துக்கு நடுவே, எறும்புப் புற்றோரம் அம்மா இரண்டு கொட்டாங்கச்சி வைத்தாங்க. ஒன்றில் புருஷன் மூத்திரம், ஒன்றில் தன்னுது. முதலாளியுடையதில் சர்க்கரை, எறும்பு மொய்த்தது. அம்மாவுடையதை ஒரே ஒரு எறும்பு மீசையால் தொட்டுப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"பார்த்தீங்களா, அம்மாவுக்குக் கயிறு பலிச்சுடுச்சு," என்றார் சாமியார்.

"என் கயித்த ஆட்டுக்கல்லுல கட்டிவச்சிருக்கேன் சாமி. அதுக்கு இன்னிவரைக்கும் நீரிழிவு வரல."

ஜனம் சிரித்தது. அப்போதுதான் பார்த்தேன்: இன்னொரு எறும்பு வரிசை சாமியார் குடிசைக்குப் பின்னால், அவர் ஒதுங்குகிற இடத்துக்கு, ஜல்தியாய்ப் போய்க்கினு இருந்தது.

"சாமி, உங்க இடுப்புல எத்தனை கயிறு?" என்றேன்.

ஏழு.

அன்றைக்குச் சாமியார் விழுப்புரம் பக்கமாய் நடையாகவே ஓடினார். உடம்புக்கு நல்லதுதான்.

மறுநாள் விடியலில் முதலாளி ஏரிக்கரைக்கு வந்தார். "மெள்ளப் போடா மாசிலாமணி, பாதை சரியாத் தெரியல," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடுகுத் தலை எறும்பு. அதுகூடத் தொட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை. உங்க தலை அதைவிடப் பெரிசுதானே?